இரவுப் பணியில் தாக்கப்படும் மருத்துவமனை ஊழியர்களுக்கு என்ன பயிற்சி தருவது?

கேள்வி எழுதியவர்: நான்காம்வார்டு

அனைவருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் இருக்கும் மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பணிபுரிகிறேன். ஒரு பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதை ஒப்புக்குச் செய்து முடித்துவிட மனமில்லாததால் உங்களிடம் கேட்கிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன், இரவு ஒன்றேகால் மணி அளவில், நெஞ்சுவலி என்று நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை இரு சக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்து அழைத்து வந்தார்கள். கேசுவால்டிக்குள் கிடத்தும்போதே நாடி இல்லை. முப்பத்தைந்து நிமிடம் நெஞ்சை அழுத்தியும் பலனில்லாமல் போய்விட்டது. அந்த முப்பத்தைந்து நிமிடமும் கதவுக்கு வெளியே நின்றவர்களிடம் உள்ளிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரும்போது மூன்று பேர்; அதற்குள் பதினைந்து பேராகிவிட்டார்கள். கடைசியில், ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) சேர்ந்து ஐந்து வாரமே ஆன ஒரு பிள்ளை கதவைப் பாதி திறந்து, நின்ற நிலையிலேயே, "முடிஞ்சுபோச்சு, போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிடம் சலைன் ஸ்டாண்டு பறந்தது. அதைக் கொண்டு அடித்ததில் என் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவருக்கு நெற்றியில் நான்கு தையல். காவலுக்கு இருந்தவர் அறுபது வயதைக் கடந்த ஒப்பந்த ஊழியர். அவர் கையில் ஒரு விசிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இதன் பிறகு "எல்லா ஊழியர்களுக்கும் வன்முறைத் தடுப்புப் பயிற்சி தர வேண்டும், நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்" என்று எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. தற்காப்புக் கலை சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரை வைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சட்டம் பற்றிச் சொற்பொழிவு ஏற்பாடு செய்யலாம் என்கிறார்கள் வேறு சிலர். அப்படியொரு சொற்பொழிவில் நானே மூன்று ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் பிரிவு எண்கள் ஓடின, தேநீர் தந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். அன்று அந்த அரங்கில் முன்வரிசையில் இருந்த பெண்தான் இன்று நெற்றியில் தையலோடு இருக்கிறார்.

எதைச் சொல்லித்தர வேண்டும், யாருக்கெல்லாம் சொல்லித்தர வேண்டும், இரண்டு நாள் ஆட்களை விடுவிக்க வழியில்லாத இடத்தில் அதை எப்படி நடத்துவது, அது பயன்பட்டதா என்பதை எதை வைத்து அறிவது என்பவையே என் கேள்விகள். நடத்திப் பார்த்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி எழுதியவர்: சிவப்புமண்டலம்

சிஸ்டர், நான் அவசர சிகிச்சை மருத்துவன். பதினோரு ஆண்டுகளாகக் கேசுவால்டியிலேயே இருக்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் நீங்கள் எழுதிய இரண்டாம் பத்தியிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. சலைன் ஸ்டாண்டைத் தூக்கிய அந்த ஒரு நிமிடத்துக்கு உங்கள் ஊழியர்களைத் தயார்செய்ய நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய முப்பத்தைந்து நிமிடத்துக்குத் தயார்செய்யுங்கள் என்பேன்.

நாடியில்லாமல் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் எங்கள் பிரிவில் ஆறு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். நெஞ்சை அழுத்துபவர், காற்று கொடுப்பவர், ஊசி வழி பார்ப்பவர், மருந்து எடுப்பவர், நேரம் குறிப்பவர் ஆகிய ஐந்தும் எல்லா இடத்திலும் உண்டு. ஆறாவதாக ஒருவருக்கு உறவினரிடம் பேசுவது மட்டுமே வேலை. அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுபவமுள்ள செவிலியரோ மருத்துவச் சமூகப் பணியாளரோ போதும். அவர் ஐந்து நிமிடத்துக்குள் வெளியே போய், "உங்கள் அண்ணனுக்கு இதயம் நின்றுவிட்டது, அதைத் திரும்பத் துடிக்கவைக்க முயன்றுகொண்டிருக்கிறோம், நிலைமை மிகவும் மோசமாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்து சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி பத்தாவது நிமிடம் வர வேண்டும். புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வர வேண்டும். ஒருமுறை அவர் வரத் தவறினால், அதுவரை சேர்த்த நம்பிக்கை முழுவதும் போய்விடும்.

மரணத்தைச் சொல்வதைத் தனியாகப் பழக்குங்கள். புற்றுநோய் மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை இதற்கு நல்ல அடித்தளம். இடத்தைத் தேர்ந்துகொள்வது, அவர்களுக்கு இதுவரை என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு அறிய விரும்புகிறார்கள் என்று பார்ப்பது, செய்தியைச் சொல்வது, அவர்களின் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று விளக்குவது என்று அது போகிறது. நம் ஊருக்கு ஏற்றபடி சிலவற்றைச் சேர்த்திருக்கிறோம். பதினைந்து பேரையும் ஒன்றாக வைத்துச் சொல்லாமல், மனைவி அல்லது தகப்பனாரோடு நிதானமாகப் பேசக்கூடிய ஒரு பெரியவரையும் சேர்த்து இரண்டு மூன்று பேரை உள்ளே அழைத்து உட்காரவைத்துச் சொல்கிறோம். சொல்பவரும் உட்கார வேண்டும். ஆனால் கதவு அவர் பக்கம் இருக்க வேண்டும். "முடிஞ்சுபோச்சு", "பாடி", "எக்ஸ்பயர்டு" ஆகிய சொற்களை அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. "எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம், காப்பாற்ற முடியவில்லை, அவர் இறந்துவிட்டார்" என்று, இறந்தவரின் பெயரோடு, ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்கத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. இளம் மருத்துவர்கள் பதற்றத்தில் உடனே பிரேதப் பரிசோதனை, போலீஸ் தகவல் என்று தொடங்கிவிடுகிறார்கள். அதைக் கேட்கும் காதுகள் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

எப்படி நடத்துவது என்று கேட்டீர்கள். கூட்ட அரங்கு வேண்டாம். கேசுவால்டியிலேயே, இரவு ஏழு மணிக்கு டியூட்டி மாறும் வேளையில், இரண்டு ஷிப்டு ஆட்களும் கூடியிருக்கும்போது முப்பது நிமிடம் போதும். வாரம் ஒரு நாள், ஒரே ஒரு சூழ்நிலை. உங்கள் வார்டு உதவியாளர்களில் ஒருவரை இறந்தவரின் தம்பியாக நடிக்கச் சொல்லுங்கள். எங்களிடம் ஒரு துப்புரவுப் பணியாளர் இருக்கிறார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, துண்டை முறுக்கிக்கொண்டு, "காலையில என்கிட்ட டீ வாங்கிக் குடிச்சாரே" என்று அவர் கேட்டபோது எதிரே இருந்த பயிற்சி மருத்துவருக்குப் பேச்சு வரவில்லை. அன்று அவர் கற்றதை எந்தத் திரையும் கற்றுத்தந்திருக்காது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். கேசுவால்டியோடு நின்றுவிடாதீர்கள். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோது அங்கே கூட்டமும் இல்லை, இரவும் இல்லை. தாயின் சிகிச்சை பற்றி மனக்குறையோடு இருந்த ஓர் இளைஞர், பகல் வேளையில், மருத்துவரின் அறைக்குள்ளேயே போய்க் குத்தினார். நாள்பட்ட நோய்க்காக மாதக்கணக்கில் வந்துபோகும் குடும்பங்களின் கசப்பு மெல்ல மெல்லச் சேர்வது. அதை முதலில் காண்பவர்கள் வெளிநோயாளர் சீட்டு எழுதுபவரும் கீமோ வார்டுச் செவிலியரும்தான். "இந்தக் குடும்பம் மனம் நொந்திருக்கிறது, மூத்த மருத்துவர் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும்" என்று அவர்கள் யாரிடம் சொல்வது என்பதும் பயிற்சியில் வர வேண்டும்.


மறுமொழி எழுதியவர்: மனநலச்செவிலி

டாக்டர் சொன்னது துக்கத்தில் பிறக்கும் கோபம் பற்றியது. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் எங்கள் வார்டுகளில் செவிலியர்கள் வாங்கும் அடியில் பெரும் பங்கு உறவினரிடமிருந்து வருவதில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியிடமிருந்தே வருகிறது. அதை யாரும் வன்முறை என்று எழுதிவைப்பதுகூட இல்லை.

எலும்பு முறிவு வார்டில் காலில் கட்டோடு படுத்திருப்பவர், சேர்ந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இரவில் திடீரென்று சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, சலைன் குழாயைப் பிடுங்கிப் போட்டு, தடுக்க வந்த செவிலியரின் கையைக் கடிப்பார். தினமும் குடித்துவந்தவருக்குக் குடி திடீரென்று நின்றுபோனதால் வரும் மனக்குழப்பம் அது. மிரட்டலுக்கு அது அடங்காது, மருந்துக்கே அடங்கும். "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்று சேர்க்கையின்போதே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதி, மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே மருந்து தொடங்கினால் அந்த இரவு அமைதியாகக் கழியும். சர்க்கரை குறைந்தவர், ஆக்சிஜன் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், சிறுநீர் அடைத்துக்கொண்டு சொல்லத் தெரியாமல் தவிக்கும் முதியவர் ஆகியோரும் இப்படித்தான் கையை ஓங்குவார்கள். எனவே உங்கள் பயிற்சியின் முதல் வகுப்பை, குழம்பி எழுந்து நிற்கும் நோயாளிக்குச் சர்க்கரை பார்த்தாயா, ஆக்சிஜன் பார்த்தாயா என்ற கேள்வியில் தொடங்குங்கள்.

ஒரு நோயாளி வன்முறையில் இறங்கக்கூடுமா என்று முன்கூட்டியே கணிக்க, நார்வே நாட்டில் உருவான புரோசெட் பட்டியலை எங்கள் வார்டில் பயன்படுத்துகிறோம். குழப்பம், எரிச்சல், அடக்கமில்லாத ஆரவாரம், சொல்லால் மிரட்டுவது, உடலால் மிரட்டுவது, பொருள்களைத் தாக்குவது ஆகிய ஆறு அறிகுறிகளை ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்து, இருப்பதற்கு ஒன்று, இல்லாததற்குப் பூஜ்யம் என்று போட வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு நிமிட வேலைதான். "அவன் பார்வையே சரியில்லை சிஸ்டர்" என்று ஆயாம்மா சொல்வதை எண்ணாக மாற்றி மருத்துவரின் மேசையில் வைக்க அது உதவுகிறது. ஆயாம்மாவின் கண் தவறுவதில்லை. அவர் சொல்வதை எழுத இடமில்லாமல்தான் இருந்தது.

தற்காப்புக் கலை பற்றி: அடிக்கக் கற்றுத்தர வேண்டாம். ஆனால் பிடித்த பிடியிலிருந்து விடுபட அரைமணி நேரம் கற்றுத்தருவது மிகவும் பயன்படும். மணிக்கட்டைப் பிடித்தால் அவர் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி இழுப்பது, தலைமுடியைப் பிடித்தால் இழுக்காமல் அந்தக் கையையே தலையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வது ஆகிய இரண்டு மூன்று போதும். அதோடு, கோபத்தில் இருப்பவரிடமிருந்து இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், உள்ளங்கைகள் தெரியும்படி நிற்கவும், ஒரே ஒருவர் மட்டும் பேசவும் பழக்குங்கள். நான்கு பேர் சேர்ந்து "கத்தாதீங்க" என்று கத்துவதால் வரும் கேடு பெரிது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் நாடா, இழுத்தால் கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போடாமல் பையில் வைக்கட்டும்.

2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரா தாலுகா மருத்துவமனையில் நடந்ததை எல்லா வகுப்பிலும் சொல்வேன். காலில் காயத்தோடு போலீசார் அழைத்துவந்த ஒருவர், கட்டுப்போடும்போது அங்கிருந்த அறுவைக் கத்தரிக்கோலை எடுத்து, பயிற்சி மருத்துவரான இளம்பெண்ணைக் குத்திக் கொன்றார். அவர் கைதியாக அல்லாமல், தனக்கு ஆபத்து என்று தானே போலீசை அழைத்தவராக வந்திருந்தார். அதனால் யாரும் அவரைப் பயத்தோடு பார்க்கவில்லை. கட்டுப்போடும் தட்டு நோயாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, வேண்டிய கருவியை மட்டும் எடுத்துவிட்டு டிராலியைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது எவ்வளவு சிறிய பழக்கம். இன்று உங்கள் டிரஸ்ஸிங் அறைக்குப் போய், நோயாளியின் முக்காலியில் நீங்களே உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்.


மறுமொழி எழுதியவர்: கதவுக்குவெளியே

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். என் தந்தையார் கடைசி நாள்களில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அப்போது ஒரு செவிலியரை நான் மிகவும் கேவலமான சொற்களால் திட்டியிருக்கிறேன். கை ஓங்கவில்லை, ஆனால் அதற்கும் எனக்கும் வெகு தூரம் இருக்கவில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய்ப்பே கிடைக்காமல் போனது இன்றும் உறுத்துகிறது.

நான் செய்ததற்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. அன்று இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை நான்கு மணிவரை எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்கள் பயிற்சிக்கு உதவுமோ என்று எழுதுகிறேன். கதவு ஐந்து முறை திறந்தது. ஐந்து முறையும் "இந்த பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?" என்ற குரல் வந்தது. நான் ஓடினேன். முதல்முறை மருந்துச் சீட்டு, இரண்டாம் முறை ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள், மூன்றாம் முறை கையெழுத்து, நான்காம் முறை மறுபடியும் மருந்துச் சீட்டு. ஐந்தாம் முறை திறந்தபோது, உள்ளே ஒரு செவிலியர் யாரோடோ பேசிச் சிரித்தது காதில் விழுந்தது. ஆறு மணி நேரத்தில் "உங்கள் அப்பா இப்படி இருக்கிறார்" என்று ஒருவரும் சொல்லவில்லை. வேலை நெருக்கடியில் ஒரு நிமிடம் சிரிப்பதும் மனிதர்களுக்குத் தேவை என்று இப்போது புரிகிறது. அப்போது என் அப்பாவின் உயிரைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் தோன்றியது.

டாக்டர் எழுதிய "சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் வர வேண்டும்" என்ற வரியை நான்கு முறை படித்தேன். மருந்துச் சீட்டு நீட்டும்போதே "அப்பா அப்படியேதான் இருக்கிறார், மோசமாகவில்லை" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்த இரவில் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.


மறுமொழி எழுதியவர்: கடல்தாண்டிய_வெள்ளுடை

இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறேன். இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் மோதல் தணிப்புப் பயிற்சி எடுத்தாக வேண்டும்; பிறகு குறித்த கால இடைவெளியில் திரும்பவும் எடுக்க வேண்டும். வரவேற்பு மேசையில் இருப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் உட்பட எல்லோரும் உட்கார்கிறார்கள். அவசர சேவை ஊழியரைத் தாக்குவதற்கென்று 2018-இல் தனிச் சட்டமும் இயற்றினார்கள். இவ்வளவும் இருந்தும் இங்கே அடி விழாமல் இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பயிற்சியால் மட்டுமே தாக்குதல் குறைகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் ஒன்பது ஆய்வுகளை, 1,688 பேரை உள்ளடக்கித் தொகுத்துப் பார்த்தது. ஊழியர்களின் அறிவும் மனப்பாங்கும் முன்னேறலாம். ஆனால் தாக்குதல்களின் எண்ணிக்கை குறையாமலும் போகலாம் என்பதே அதன் முடிவு. இதைக் கேட்டு நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது, அக்கா. எதைப் பயிற்சியிடம் கேட்கலாம், எதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ள இது உதவும். இரவில் ஐம்பது நோயாளிக்கு இரண்டு செவிலியர் என்று விட்டுவிட்டு, "இனிமையாகப் பேசு" என்று வகுப்பெடுப்பது அந்த இரண்டு பேர்மீதே பழியைப் போடுவதாகும். வகுப்பு முடிந்த பிறகு அடிபட்டவரிடம் "நீ எப்படிப் பேசினாய்?" என்று கேட்கும் நிலை மட்டும் வந்துவிடக் கூடாது.

பயன்பட்டதா என்று எப்படி அறிவது என்று கேட்டிருந்தீர்கள். திட்டு, மிரட்டல், தள்ளல் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்ற ஐந்து கட்டங்கள் போதும். முதல் சில மாதங்களில் எண்ணிக்கை கூடவே செய்யும். இதுவரை எழுதாமல் விழுங்கியவற்றை எழுதத் தொடங்கினால் கூடத்தானே செய்யும்? அதைப் பார்த்துப் பயிற்சி தோற்றது என்று மேலிடம் சொல்லிவிடாதபடி முன்கூட்டியே பேசிவையுங்கள். பணிக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகும் சுகாதார ஊழியர்கள் 8 முதல் 38 விழுக்காடு வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில், எழுதப்படாமல் போனவையும் நிறைய இருக்கும் என்பது என் எண்ணம்.


மறுமொழி எழுதியவர்: ஓய்வுபெற்ற_ஆர்எம்ஓ

அம்மா, நான் ஆர்எம்ஓவாக, அதாவது மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலராக, இருந்து ஓய்வுபெற்றவன். சட்டம் பற்றிய சொற்பொழிவு வீண் என்று நீங்கள் எழுதியது சரியே. ஆனால் சட்டத்தைக் கையாளும் பயிற்சி வேண்டும். அது வேறு.

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் சட்டம் இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டுவரை சிறை. பிணையில் விட முடியாத குற்றம். வாசலில் பலகையாகவும் தொங்குகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் புகாரை எழுதுவது யார் என்று கேட்டால் எந்த மருத்துவமனையிலும் உடனே பதில் வராது. அடிபட்ட பெண்ணே, தையல் போட்ட கையோடு, ஆட்டோ பிடித்துக் காவல் நிலையம் போன கதைகளை நான் பார்த்திருக்கிறேன். விடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் வந்து சமாதானம் பேசுவார்கள். "எதுக்குமா வம்பு" என்று உள்ளிருந்தே சிலர் சொல்வார்கள். புகார், அதைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடும்; வழக்காகப் பதிவாகாது.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. பணியில் இருக்கும் ஊழியர்மீது வன்முறை நடந்தால், ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் சார்பில் முதல் தகவல் அறிக்கை பதியச் செய்வது நிறுவனத் தலைவரின் பொறுப்பு என்கிறது அது. மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு என்று எழுதப்பட்டதாயினும், அந்த முறையை உங்கள் இடத்திலும் உத்தரவாக வாங்குங்கள். புகார்தாரர் மருத்துவமனையாக இருக்கட்டும். அடிபட்டவர் சாட்சியாக இருக்கட்டும். சமாதானம் பேச வருபவர்கள் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலுக்குப் போக வேலையில்லாமல் போகும்.

இதைப் பயிற்சியாக நடத்துவது எளிது. புகார் மாதிரியை அச்சிட்டு டியூட்டி மருத்துவர் மேசையில் வையுங்கள். ஒரு நாள் எல்லோரையும் நிரப்பச் சொல்லுங்கள். அடிபட்ட ஊழியருக்கும் ஏஆர் (விபத்துப் பதிவேடு) பதிவு போட வேண்டும் என்பதையும், கேமரா பதிவு அழிந்துபோகும் முன் அன்றைக்கே பிரதி எடுக்க வேண்டும் என்பதையும், உடைந்த பொருள்களைக் கூட்டித் தள்ளுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளரை அழைத்து அந்த வகுப்பில் உட்காரவையுங்கள். இரவில் தொலைபேசியில் கேட்கும் குரல் யாருடையது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருப்பது பெரிய பலம்.

கேரளம் 2023-இல் 'கோட் கிரே' என்ற நடைமுறையை வகுத்தது. ஒரு சொல்லை ஒலிபெருக்கியில் சொன்னவுடன் யார் எங்கே ஓடிவர வேண்டும், யார் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். உங்கள் அறுபது வயதுக் காவலரையும் அந்த வரிசையில் சேருங்கள். சண்டைபோடுவது அவர் வேலையாக இருக்கத் தேவையில்லை. வாசலில் மூன்று பேர் பதினைந்து பேராவதை முதலில் பார்ப்பவர் அவர்தான்.


எழுதியவர்: நான்காம்வார்டு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தற்காப்புக் கலை வகுப்பை நிறுத்திவைத்துவிட்டு, டாக்டர் சொன்னபடி, செவ்வாய்க்கிழமை தோறும் இரவு ஏழு மணிக்கு முப்பது நிமிடம் என்று தொடங்கினோம். இதுவரை ஐந்து முறை நடந்திருக்கிறது.

முதல் நாளே ஒன்று தெரியவந்தது. மோதல் முற்றினால் பின்வாசல் வழியாக வெளியேற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு செவிலியர் ஓடிப்போய்த் தள்ளினார், கதவு பூட்டியிருந்தது. சாவி பகல் ஷிப்டு ஸ்டோர் கீப்பரிடம் இருக்கிறதாம். ஏழு ஆண்டுகளாக இரவில் அந்த அறைக்கு ஒரே வாசல்தான் என்பதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாளே உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் போட்டாயிற்று. டிரஸ்ஸிங் அறை முக்காலியில் நானும் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தேன், சகோதரி. கத்தரிக்கோல் இரண்டும் என் கைக்கு எட்டின.

பதிவேட்டில் முதல் மாதம் முப்பத்தொரு பதிவுகள். அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும் எங்களிடம் எழுத்தில் இருந்தவை இரண்டே. இதை முன்கூட்டியே எங்கள் மேலதிகாரியிடம் சொல்லிவைத்ததால் கேள்வி எழவில்லை. அந்த எண்ணைக் காட்டித்தான் இரவுக்கு ஒரு செவிலியரும் ஒரு காவலரும் கூடுதலாகக் கேட்டிருக்கிறோம். காவலர் வந்துவிட்டார். செவிலியர் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நெற்றியில் தையல் போட்ட பெண் மூன்றாம் வாரம்தான் வகுப்புக்கு வந்தார். எதுவும் செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும் என்றேன். அவரோ, இறந்தவரின் மனைவியாகத் தான் நடிப்பதாகச் சொன்னார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே மற்றவர்கள் வழக்கம்போல வேலையைத் தொடங்கினார்கள். உறவினரிடம் பேச வேண்டிய ஆறாவது ஆள் அன்று ஏழாவது நிமிடம்தான் வெளியே போனார். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் சொன்னது இது: "மேடம், உள்ளே பேசுறது ஒண்ணுமே கேக்கல. மானிட்டர் சத்தம் மட்டும் கேக்குது. அது நின்னா செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கு."

அந்த பெஞ்சை இப்போது எதிர்ப்புறம், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மாற்றிப் போட்டிருக்கிறோம். ஆறாவது ஆள் மூன்று நிமிடத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும் என்று நேரத்தையும் குறைத்திருக்கிறோம். ஆர்எம்ஓ ஐயா, உங்கள் புகார் மாதிரி ஒன்று இருந்தால் இங்கே பதிவிடுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை அதுதான் பாடம். உதவி ஆய்வாளர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.